ஐஸ் லோரிக்காரன் மனைவி

மலாக்காவின் காஜா பேராங்கில் பூங்காவனத்தின் பொறாமையைப் பற்றித் தெரியாத வீடு இல்லை. அவள் அதை மறைத்ததும் இல்லை. ஒருமுறை பாசாரில் காய்கறி விற்கும் பெண் ஒருத்தி, அவள் கணவன் தேவதாஸைப் பார்த்துச் சிரித்து, கூடையில் ஒரு கை பச்சை மிளகாயைச் சும்மா போட்டுவிட்டாள். பின்னால் வந்த பூங்காவனம் கணவனின் கையிலிருந்து கூடையை வாங்கி, மிளகாய், கத்தரிக்காய், கீரை எல்லாவற்றையும் அந்தப் பெண்ணின் சாக்கிலேயே கொட்டிவிட்டு வந்தாள். அன்று அவர்கள் வீட்டில் வெறும் ரசம்.

அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. கல்யாணமாகி வருடங்கள் பல ஓடியும் குழந்தை இல்லை. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தேவதாஸின் அத்தை வரும்போதெல்லாம், "ஆம்பளைக்கு இன்னும் வயசு இருக்கு" என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போவாள். அத்தை பஸ் ஏறிப் போய்விடுவாள். அந்தப் பேச்சு மட்டும் வீட்டிலேயே தங்கிவிடும்.

மலாயா சுதந்திரம் அடைந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பண்டார் ஹிலிரில் குளிர்க்கிடங்கு வைத்திருந்த முதலாளி லிம், எல்லாருக்கும் லிம் தவுக்கே, புதிதாக ஒரு லோரி வாங்கினார். அதன் முதுகில் ஜன்னலே இல்லாத வெள்ளைப் பெட்டி. சுவருக்குள் தக்கை, உள்பக்கம் தகடு, கதவைச் சுற்றித் தடித்த ரப்பர். ஓட்டுநரின் தலைக்கு மேலே, பெட்டியின் நெற்றியில், சின்னதாக ஒரு பெட்ரோல் இயந்திரம். லோரி நின்றாலும் அது நிற்காது. பெட்டிக்குள்ளே குளிரை ஊதிக்கொண்டே இருக்கும். அதுவரை மீனை ஐஸ் கட்டியோடு உமியில் புதைத்து, சொட்டச் சொட்ட ஓட்டிக்கொண்டிருந்த தேவதாஸை அந்த வண்டிக்கு மாற்றினார் தவுக்கே. போகும்போது மலாக்கா மீனும் இறாலும் சிங்கப்பூருக்கு. வரும்போது ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த உறைந்த ஆட்டிறைச்சியும் வெண்ணெயும். அதெல்லாம் கிளேபாங் வழியாகத் தெரெண்டாக்கில் எழும்பிக்கொண்டிருந்த ராணுவ முகாமுக்குப் போகும். கொஞ்சம் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கும் போகும்.

ஊரில் அதை ஐஸ் லோரி என்றார்கள். பூங்காவனம் அதைச் 'சக்களத்தி' என்றாள்.

வண்டி வந்ததிலிருந்து தேவதாஸுக்கு வேறு நினைப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுவான். கதவு ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தடவுவான், அதுவும் பூங்காவனத்தின் முகப்பவுடர். கதவுக்குப் பக்கத்தில் பதித்திருந்த டிகிரி முள்ளைச் சும்மா சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நெத்தியில கைய வெச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் பூங்காவனம். "அதுக்கு மட்டும் இத்தனை தரம் டிகிரி பாக்குறீங்க."

"அது சூடானா என் வேலை போயிரும் புள்ள."

"நான் சூடானா?"

தேவதாஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

லோரி மேல் பட்ட பொறாமையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். அதற்கு வாயில்லை, முகமில்லை. ஆனால் ஒரு நாள் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தவன் சட்டையைத் துவைக்கப் போட்டான். வெள்ளைச் சட்டை. நடுவில் ஒரு பொத்தான் மட்டும் நீல நூலில் தைக்கப்பட்டிருந்தது. அந்தப் பொத்தான் தளர்ந்திருந்தது அவளுக்குத் தெரியும். தைக்க வேண்டும் என்று நினைத்து மறந்தும் போயிருந்தாள். அதனால் இன்னும் எரிந்தது.

"யாரு தச்சது?"

"எத?"

"பொத்தான."

"ஓ, அதுவா? வழியில மூவார் ஃபெரிகிட்ட ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. சோறு சாப்பிடறப்ப அறுந்து விழுந்துச்சு. கடைக்காரம்மா தச்சுக் குடுத்தாங்க."

"சட்டையக் கழட்டிக் குடுத்தீங்களா, போட்டிருக்கறப்பவே தச்சாளா?"

தேவதாஸ் யோசித்தான். அங்கேதான் அவன் தப்புச் செய்தான்.

"போட்டிருக்கறப்பவே," என்றான்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெயர் சந்திரமதி. காஜா பேராங்கிலேயே பிறந்த சிட்டி வீட்டுப் பெண். மூவாரில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். கணவன் இறந்த பிறகு ஃபெரித் துறையில் கடை போட்டிருக்கிறாள். பல தலைமுறைகளாக மலாக்காவில் வாழும் சிட்டிகளுக்குக் கோயிலும் பூஜையும் நம்முடையதுதான், பேச்சு மட்டும் மலாய். அவர்கள் வீட்டுப் பெண்கள் இடுப்பைப் பிடித்தாற்போலக் கெபாயாச் சட்டை அணிந்து, கொண்டையில் பூ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவதைப் பூங்காவனம் வாசலில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். தன் கைத்தறிச் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டும் இருக்கிறாள்.

அடுத்த வீட்டு ருக்மணியிடம் விசாரித்தாள்.

"சந்திரமதியா? சின்ன வயசுல பாத்திருக்கேன். நல்லா இருப்பா," என்றாள் ருக்மணி. பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப இல்ல," என்று சேர்த்துக்கொண்டாள்.

அன்று பூங்காவனம் வைத்த மீன்குழம்பைத் தேவதாஸ் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். முன்பும் ஒன்றும் சொல்ல மாட்டான்தான். ஆனால் இப்போது அவன் வாய்மூடிச் சாப்பிடுவதெல்லாம் அவளுக்கு ஒரு ஒப்பீடாகப் பட்டது. இன்னொருத்தி வைத்த அசாம் பெடாஸ், புளியும் காரமுமான அந்த மீன்குழம்பு, அவன் நாக்கில் இருக்கிறது. தன் குழம்பு அதன் மேல் ஊற்றிய தண்ணீர். இப்படி நினைத்து நினைத்து அவள் இரண்டு வாரத்தில் இளைத்துப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் லோரியில் கூடப் போகும் ஜெயபாலன் காய்ச்சலில் படுத்தான். தேவதாஸ் தனியாகப் புறப்பட வேண்டிய நிலை.

"நான் வரேன்," என்றாள் பூங்காவனம்.

"நீயா? மூட்டை தூக்கணும்."

"ரப்பர் தோட்டத்துல பால்வாளி தூக்கி வளந்தவ நான்."

"தவுக்கே பாத்தா என்ன சொல்றது?"

"நேத்து வரைக்கும் கூட ஆளில்லாம எப்படிப் போறதுன்னு பொலம்பினீங்க. இப்ப நான் வரேங்கறேன், மூஞ்சி ஏன் அப்படிப் போவுது? அங்க நான் பாக்கக் கூடாதது ஏதாவது இருக்கா?"

விடியற்காலையில் மீன் கூடைகளை ஏற்றி முடித்ததும் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். மீன் ஏற்ற வந்தவள் கட்டுகிற சேலையல்ல அது.

மூவார் ஆற்றை ஃபெரியில் கடந்து எதிர்க்கரையில் லோரி ஏறியபோது, தகரக் கூரை போட்ட கடையிலிருந்து ஒருத்தி கையை உயர்த்தினாள். தேவதாஸும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அசைத்தான். பக்கத்தில் பூங்காவனத்தைப் பார்த்ததும் அங்கே உயர்ந்த கை கொஞ்சம் தயங்கி இறங்கியது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை ஏன் தயங்கியது என்று பூங்காவனம் பத்து பகாட் ஊர் வரும்வரை யோசித்தாள். அதற்கப்பால் தேவதாஸ் ஏன் அசைத்தான் என்று யோசித்தாள். சிங்கப்பூருக்குள் நுழையும் முன் ஜொகூரில் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள். சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, "இது யார்?" என்று மலாயில் கேட்டார். தேவதாஸ் வாய் திறப்பதற்குள், "இவருடைய மனைவி. ஒரே மனைவி," என்று பூங்காவனமே பதில் சொன்னாள். சிங்கப்பூரில் என்ன பார்த்தாய் என்று பிற்பாடு யார் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கண் திறந்திருந்தது, மனம் மூவாரிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் வெள்ளைத் துணி சுற்றிய ஆடுகளை உள்ளே அடுக்கி, வெண்ணெய்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். உச்சிப் பொழுதில் மூவார் வந்து சேர்ந்தால், ஃபெரி பழுது. துறையிலிருந்து கடைத்தெரு வரை வண்டிகள் வரிசையாக நின்றன. வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே படார் என்று ஒரு சத்தம். இயந்திரம் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது.

தேவதாஸ் ஏறிப் பார்த்தான். கம்ப்ரஸரைச் சுற்றும் பெல்ட் அறுந்து தொங்கியது. மாற்றுப் பெல்ட் இல்லை. இறங்கி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"வேலை போச்சு," என்றான்.

அதற்குள் சந்திரமதி கடையை விட்டு வந்துவிட்டாள். மஞ்சள் கெபாயா, அள்ளிச் செருகிய கொண்டை. பூங்காவனத்தை விட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம். 'ரொம்ப இல்ல' என்று ருக்மணி சொன்னது பச்சைப் பொய் என்று பூங்காவனத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சந்திரமதி விஷயத்தைக் கேட்டாள். தேவதாஸ் மலாயில் படபடவென்று சொன்னான்.

"மீன் சந்தையில் ஐஸ் இருக்கிறது. நான் கேட்டால் கொடுப்பார்கள்," என்றாள் அவள் மலாயிலேயே.

"வெறும் ஐஸ் போதாது. உப்பும் வேண்டும். உப்புப் போட்டால்தான் இறைச்சி இறுகி நிற்கும்," என்றான் தேவதாஸ்.

"கருவாட்டுக்காரனிடம் உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. நீ போய்ப் பெல்ட்டைப் பார்."

தேவதாஸ் யாரோ ஒருவருடைய சைக்கிளைப் பிடித்தான். பட்டறையைத் தேடிப் போகும் அவசரத்தில் பெட்டிக் கதவின் சாவியைக் கழற்றி நீட்டினான். சந்திரமதியிடம்தான் நீட்டினான். அவள் பக்கத்தில் நின்றாள் என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் அந்த வெயிலில், அத்தனை பேர் முன்னால், தன்னைத் தாண்டிப் போன அந்தச் சாவியைப் பூங்காவனம் விடவில்லை. சந்திரமதியின் கையிலிருந்து அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். சந்திரமதி விடுவிடுவென்று சந்தைப் பக்கம் நடந்தாள்.

கை வண்டியில் ஐஸ் பாளங்கள் வந்தன. சாக்கில் கல்லுப்பு வந்தது. கதவை அகலத் திறந்து வைத்தால் உள்ளே இருக்கிற குளிரும் ஓடிவிடும். ஆகவே சந்தைக் கூலிகள் ஐஸை உடைத்துச் சட்டென்று உள்ளே தள்ள வேண்டும். உள்ளே இருப்பவர்கள் அதை ஆடுகளுக்கு இடையில் அடுக்கி உப்பைத் தூவ வேண்டும். அடுத்த வண்டி வரும்வரை கதவு மூடியிருக்க வேண்டும். பூங்காவனம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒருத்தியால் ஆகிற வேலையில்லை என்பது ஏறியவுடனே தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் சந்திரமதியும் டார்ச் லைட்டோடு ஏறிக்கொண்டிருந்தாள்.

கதவு மூடியது.

வெளியே நெருப்பாகக் காய்ந்த வெயில் ஒரு நொடியில் இல்லாமல் போனது. டார்ச் வெளிச்சத்தில் வரிசையாக அடுக்கியிருந்த வெள்ளைத் துணி மூட்டைகளும், இருவர் வாயிலிருந்து வந்த புகையும்தான் தெரிந்தன. குனிந்து அடுக்கினார்கள், தூவினார்கள். உப்புப் பட்டு விரல் எரிந்தது. முதல் நடை ஐஸ் தீர்ந்ததும் செய்ய ஒன்றுமில்லாமல் எதிரெதிரே நின்றார்கள். பூங்காவனத்துக்கு மலாய் நன்றாகவே வரும். காஜா பேராங்கில் குடியிருந்துகொண்டு வராமல் இருக்குமா?

"போட்டிருக்கிற சட்டையில் ஏன் பொத்தான் தைத்தாய்?" என்று கேட்டாள்.

சந்திரமதி தெரியாதவள்போல் நடிக்கவில்லை. "எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அடிக்," என்றாள். அடிக் என்றால் தங்கச்சி.

பூங்காவனத்தின் கையிலிருந்த உப்பு சிந்தியது.

"ஒரு நாள் கேட்டும் விட்டேன். 'எனக்கும் ஆளில்லை, உனக்கும் குழந்தையில்லை என்கிறாய், மூவாரிலும் ஒரு வீடு வைத்துக்கொள்ளேன்' என்று."

"அதுக்கு என்ன சொன்னாரு?" பதற்றத்தில் தமிழில் கேட்டுவிட்டாள். பிறகு மலாயில் மறுபடி கேட்டாள்.

"எழுந்து கை கழுவினார். தட்டில் பாதிச் சோறு இருந்தது. அடுத்த தடவை வந்தபோது நீ சமைக்கிறது, நீ சண்டை போடுகிறது, பாசாரில் மிளகாயைக் கொட்டினது எல்லாம் சொன்னார். அதற்கடுத்த தடவையும் அதேதான். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. எனக்காக ஒரு மிளகாயைக்கூட யாரும் கொட்டினதில்லை."

அவளுக்குப் பல் அடித்துக்கொண்டது. மெல்லிய கெபாயா, குளிர் நேரே எலும்புக்குப் போயிருக்கும். பூங்காவனம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறையலாம் போலிருந்தது. இறைச்சி மேல் போர்த்த வைத்திருந்த சாக்கு ஒன்றை எடுத்து அவள் மேல் எறிந்தாள்.

"போத்திக்கோ. இங்க செத்து வெச்சிராதே. அந்தப் பழி எனக்கு வேணாம்."

சந்திரமதிக்குத் தமிழ் புரியாவிட்டாலும் சாக்கு புரிந்தது. கதவு தட்டப்பட்டது, அடுத்த ஐஸ் வந்தது.

தேவதாஸ் பெல்ட்டோடு வரும்வரை இப்படித்தான் நடந்தது. அளவு கொஞ்சம் பெரிதாக இருந்த பெல்ட்டை எப்படியோ இழுத்து மாட்டினான். இயந்திரம் ஓட ஆரம்பித்தது. பெட்டிக்குள்ளிருந்து இரண்டு பெண்களும் உதடு நீலம் பாரித்து இறங்கியதைப் பார்த்து அவன் அதிர்ந்து நின்றான். இருவரில் யாரிடம் முதலில் பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக யாரிடமும் பேசவில்லை.

ஃபெரி ஓடத் தொடங்கியபோது மாலையாகிவிட்டது. மலாக்காவில் தவுக்கே கதவைத் திறந்து பார்த்தார். ஓரத்தில் இருந்த வெண்ணெய் கொஞ்சம் இளகியிருந்தது. ஆடுகளைத் தட்டிப் பார்த்தார். கல் மாதிரி சத்தம் வந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு, உப்பில் வெந்துபோயிருந்த பூங்காவனத்தின் கைகளைப் பார்த்தார். "அடுத்த வாரம் ஜெயபாலன் வந்துவிடுவானா?" என்று மட்டும் கேட்டார். வேலை போகவில்லை.

ஆனால் வீட்டில் பேச்சு நின்றுபோனது. தேவதாஸ் எத்தனை தடவை கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவ உங்களக் கேட்டத என்கிட்ட ஏன் சொல்லல?"

தேவதாஸ் கையை எடுத்துவிட்டான். "சொல்லியிருந்தா அந்தப் பக்கம் லோரி ஓட்ட விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான்."

"முடியாதுன்னு அவகிட்ட வாயத் தொறந்து சொன்னீங்களா?"

"எந்திரிச்சு வந்துட்டேனே."

"எந்திரிச்சு வந்தா ஆச்சா? ஒரு வார்த்த சொன்னா என்ன? அடுத்த தரமும் அங்கதானே போயி உக்காந்தீங்க?"

"சோறு நல்லா இருக்கும் புள்ள," என்றான் தேவதாஸ். அவன் வாழ்நாளில் சொன்ன மோசமான உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஒரு வார்த்தை அவளை இத்தனை நாள் தின்ற மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. அடுத்த பயணத்துக்கு முன்னால் நண்டு வாங்கி, மிளகு இடித்து, தன் கைப்பக்குவம் முழுவதையும் கொட்டிக் குழம்பு வைத்தாள். இறுக மூடிய தூக்குச் சட்டியைப் பெட்டிக்குள் மீன் கூடைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். "அவகிட்ட குடுங்க. தின்னு பாத்துட்டு என்ன சொல்றான்னு கேட்டுட்டு வாங்க."

திரும்பி வந்தபோது சட்டியில் அசாம் பெடாஸ் இருந்தது. திருக்கை மீன். பூங்காவனம் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அழுகை வரும் அளவுக்கு நன்றாக இருந்தது.

"என்ன சொன்னா?"

"மிளகு தூக்கல்னு சொன்னா. ஆனா சட்டியக் கழுவறப்ப ஒண்ணும் மிச்சமில்ல."

அதற்கப்புறம் அது நிற்கவில்லை. இங்கிருந்து இறால் வறுவல் போகும். அங்கிருந்து இலையில் சுற்றிச் சுட்ட மீன் ஒத்தாக்-ஒத்தாக் வரும். இங்கிருந்து ஆட்டு ஈரல் போனால், அங்கிருந்து அதைவிடக் காரமாக ஏதாவது வரும். "இது தவுக்கேயோட சரக்கு ஏத்துற வண்டியா, உங்க ரெண்டு பேர் சண்டைய ஏத்துற வண்டியா?" என்று தேவதாஸ் அலுத்துக்கொள்வான். ஆனால் அந்த வருடங்களில் அவன் நன்றாகச் சதை போட்டிருந்தான். ஜெயபாலன் லீவு போடும்போதெல்லாம் பூங்காவனம் லோரியில் ஏறிக்கொள்வாள். ஃபெரி வரிசையில் நிற்கும் நேரம் முழுவதும் சந்திரமதியின் அடுப்படியில் நின்று, அவள் என்ன போடுகிறாள் என்று உற்றுப் பார்ப்பாள். சந்திரமதி முதுகைத் திருப்பி மறைத்துக்கொள்வாள்.

மூவாரில் பாலம் வந்தது. ஃபெரி நின்றது, கடையும் நின்றது. சந்திரமதி காஜா பேராங்கில் தன் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

பூங்காவனத்துக்குப் பழைய பொறாமைக் காய்ச்சல் திரும்பியது. கோயிலுக்குப் போகும் வழியில் சந்திரமதி வீட்டுச் சந்துக்குள் நுழையாமல் சுற்றிப் போகும்படி தேவதாஸுக்கு உத்தரவு போட்டாள். அவனும் பேசாமல் சுற்றிப் போனான். ஆனால் அவள் மட்டும் மத்தியானம் ஆனால் அந்தச் சந்தில்தான் இருந்தாள். சந்திரமதி வீட்டு வாசலில் பலகாரம் விற்க ஆரம்பித்திருந்தாள். பூங்காவனம் உட்கார்ந்து மிளகாய்ச் சம்பால் இடித்துக் கொடுப்பாள். இருவரும் ஊரில் உள்ள எல்லாரைப் பற்றியும் பேசினார்கள்; தேவதாஸைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

சந்திரமதியை ஒருவர் கேட்டு வந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இறைச்சியும் மீனும் வாங்கி வைக்கும் சேதுபதி. மனைவியை இழந்தவர், சாது. அந்த வயதில் கல்யாணமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். சந்திரமதி காது கொடுக்கவில்லை. செய்தியைக் கேட்டதும் தேவதாஸ் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"இனிமேயாவது நான் கோயிலுக்கு நேர் வழியா போலாமா?"

பூங்காவனம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப யாரு மேல கோவம்?"

"அந்த ஆளு மேலதான்," என்றாள். "உஜோங் பாசிர்ல வீடாம். இவ அங்க போயிட்டா மத்தியானம் நான் யாருகிட்ட போறது? அப்படி என்ன அவசரம் அவருக்கு?"

தேவதாஸ் அவள் முகத்தைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு பூங்காவனம் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி உஜோங் பாசிருக்குப் போனாள். குளிர்க்கிடங்கிலிருந்து வாங்கிய மீனைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போவாள். கதவைத் திறக்கும் சேதுபதி, "வாங்கம்மா" என்பார். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு, அவரைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் வெளி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே இரண்டு பெண்களும் பேசிச் சிரித்து, சமைத்து, முதலில் அவர்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.